இருநூற்றில் ஒன்று

பெண்சிசுக் கொலையைத் தடுக்கவென 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பெற்றது எங்கள் சேலத்துச் சீமையில்தான். எனவே, ஸ்கேன் நிலைய வாயிலில் 'கருவிலிருப்பது ஆணா பெண்ணா எனக் கூறப்படமாட்டாது' என்றிருக்கும் பலகையை என்னால் வெறும் சட்டமாகப் படிக்க இயலுவதில்லை. அன்று நாமக்கல்லில் அப்பலகையின் கீழ் அமர்ந்திருந்தேன். உள்ளே என் மகள், பன்னிரண்டாவது வாரம்.

இரத்தப் பரிசோதனையும் முடிந்து சில நாளில் வந்த தாளில், டவுன் குறைபாட்டுக்கு வாய்ப்பு '200-இல் ஒன்று' என்றிருந்தது. "குறைப்பிள்ளையாம்" என்று சம்பந்தியம்மாள் அழத் தொடங்கினார். "மாமா, நூற்றிருபது நாள் ஆகவில்லையே, கலைத்தால் கூடுமா?" என்று மருமகன் கேட்டார். நானும் உடனே கிதாபுகளைப் புரட்டினேன். இபாரத்தை முழுதும் வாசித்த பின்பே பொருள் சொல்லுங்கள் என்று முப்பதாண்டுகளாக மாணவர்களுக்குப் போதித்தவன், அந்தத் தாளை முழுதும் வாசிக்கவில்லை!

மறுநாள் மருத்துவர்தாம் வாசித்துக் காட்டினார். கருவின் பிடரித் தோலடியில் தேங்கும் நீரின் தடிப்பை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். இலண்டனில் நிக்கோலைடிஸ் குழுவினர் இம்முறையை வெளியிட்டதும் அதே 1992-இல்தான். அந்த அளவோடு தாயின் வயதையும் குருதியிலுள்ள இரு பொருள்களின் அளவையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். இதே கணக்கு வந்த 200 தாய்மாரில் ஏறத்தாழ 199 பேரின் பிள்ளைகளுக்கு இக்குறை இராது. உறுதியாக அறிய வேண்டுமாயின், நஞ்சின் திசுவையோ பனிக்குட நீரையோ ஊசியால் எடுத்து, 21-ஆம் குரோமோசோம் இரண்டா மூன்றா எனப் பார்க்க வேண்டும். அவ்வூசியால் கரு கலையும் அபாயமும் சிறிதளவு உண்டு.

நாட்கணக்கிலும் பிழை செய்திருந்தோம். மருத்துவர் வாரங்களைக் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுகிறார். ஃபுகஹாக்கள் கூறும் 120 நாள் கரு தரித்ததிலிருந்து. இடையே ஏறத்தாழ இரண்டு வாரம். 1990-இல் மக்காவில் ராபிதாவின் ஃபிக்ஹு மன்றம் அந்த 120 நாளுக்குள் சலுகை தந்ததும், நம்பகமான மருத்துவர் குழு உறுதிசெய்த, சிகிச்சைக்கு வழியற்ற கடும் ஊனத்துக்குத்தான், ஐயத்துக்கன்று. டவுன் குறை அவ்வகையில் சேராதென்பதே என் எண்ணம். அக்குறையோடு பிறந்த எங்கள் மஹல்லா இளைஞர், ஜுமுஆ நாளில் பள்ளிவாசல் படியில் சிதறிய செருப்புகளை இணை பிசகாமல் அடுக்கி வைக்கிறார்.

மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஊசி வேண்டாம் அத்தா, எப்படிப் பிறந்தாலும் என் பிள்ளை" என்றாள். மருமகனோ, தெரிந்துகொண்டால் மனம் ஆயத்தமாகும் என்கிறார். அதிலும் நியாயமிருக்கிறது. வரும் திங்களன்று இருவரும் மருத்துவரிடம் செல்கிறார்கள். என்னை உடன் அழைக்கவில்லை.