கண்டி மலைப் பாதையில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள்

கண்டியைப் பற்றி எழுதுபவர்கள் ஏரியைப் பற்றி எழுதுவார்கள். பேராதனைப் பூங்காவைப் பற்றி எழுதுவார்கள். இம்மாதம் நான் எழுதப் போவது கண்டியைச் சுற்றியுள்ள வீதிகளைப் பற்றி; அதுவும் மோட்டார் சைக்கிளில் இருந்து பார்த்த வீதிகளைப் பற்றி. மௌலவிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள். ஒரு நாள் அக்குறணையிலும் மறுநாள் கம்பளையிலும் பாடம் நடத்துகிறவன் பஸ்ஸை நம்பினால் பாதி நாள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியிலேயே கழிந்து விடும்.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்திருக்கலாம். மகனுக்குப் பத்தொன்பது, இருபது வயதாகிறது. "உம்மா, எல்லாரும் ஓடுற மாதிரி சைக்கிள் எனக்கு வேணாம், குரூஸர்தான் வேணும்" என்கிறான். குரூஸர் என்றால் என்ன? சாய்மான நாற்காலியில் இருப்பது போலத் தாழ்வாக அமர்ந்து, கால்களை முன்னே நீட்டி, கைப்பிடியை மார்புக்கு நேரே பிடித்து ஓட்டும் வகை. முன்சக்கரம் முன்னே தள்ளி நிற்கும். வண்டியின் நீளம் கூடுதல். இரு சக்கரங்களுக்கும் இடையே சுமார் ஒன்றரை மீற்றர். நம் பிள்ளைகள் ஓட்டும் ஸ்கூட்டரை விட ஒரு சாண் அதிகம். அமெரிக்காவின் நேரான நெடுஞ்சாலைகளுக்காகப் பிறந்த உருவம் அது. நேரான வீதி என்று கண்டியில் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

ஆனாலும் இந்த வண்டி நம்மவர்களைக் கவர்ந்து விட்டது. பழைய ஜப்பான் வண்டிகளில் யமஹா விராகோ 250, ஹோண்டா ஸ்டீட் 400 ஆகியவற்றின் பெயர்களைக் கறாஜ்களில் கேட்டிருப்பீர்கள். ஏன் சரியாக 250, 400 என்று கேட்டால் அதற்கு ஜப்பானியச் சட்டமே காரணம். அங்கே 250 சீ.சீ.க்கு மேற்பட்ட வண்டியைக் காலத்துக்குக் காலம் அரச பரிசோதனைக்குக் கொண்டு போக வேண்டும். 400 சீ.சீ.க்கு மேற்பட்டதற்கு வேறு லைசன் வேண்டும். அந்த எல்லைகளுக்குள் அடங்கும்படி செய்த வண்டிகள் இவை. இந்திய வண்டிகள் வேறு வழியாக வந்தன. பஜாஜ் நிறுவனம் 2001ல் கவாசாகியின் எலிமினேட்டரை இந்தியாவில் விற்றது. அதிலிருந்து 2005ல் அவெஞ்சர் பிறந்தது. ரோயல் என்ஃபீல்ட் 2002ல் தண்டர்பேர்ட்டைக் கொண்டு வந்தது. 2020ல் அதை நிறுத்தி மீட்டியோர் 350 என்ற வண்டியைத் தந்தது.

என்னிடம் இருப்பது அவெஞ்சர் 220. என் மச்சானிடம் இருப்பது தண்டர்பேர்ட் 350. இரண்டையும் நாங்கள் மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறோம்.

முதலில் கடுகண்ணாவை. கொழும்பிலிருந்து வருபவர்கள் மாவனல்லையைத் தாண்டியதும் வீதி மலையைப் பிடித்துக் கொள்ளும். 1820களில் ஆங்கிலேயர் வெட்டிய பாதை இது. அதை அமைத்த டோசன் என்ற பொறியியலாளருக்காக 1832ல் எழுப்பிய கோபுரம் இன்னும் மேலே நிற்கிறது. பின்னால் என் வீட்டாரை ஏற்றிக்கொண்டு, லொறிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து இந்த ஏற்றத்தில் போகும்போதுதான் சிறிய எஞ்சினுக்கும் நடுத்தர எஞ்சினுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். உரலில் பாரமான உலக்கை நாலு குத்தில் செய்வதை இலேசான உலக்கை எட்டுக் குத்தில் செய்யும் அல்லவா? அதே கதைதான். தண்டர்பேர்ட் நிமிடத்துக்கு 4000 சுற்றிலேயே தன் முழு இழுவிசையான 28 அலகைத் தந்து விடுகிறது. அவெஞ்சர் 7000 சுற்றுக்குப் போய்த்தான் பதினேழரை அலகைத் தருகிறது. ஆகவே சின்ன வண்டியில் கியரை அடிக்கடி இறக்க வேண்டும், எஞ்சின் கத்தும். பெரியது அலட்டிக் கொள்ளாமல் ஏறும். மச்சான் இதைச் சொல்லிச் சொல்லியே பெருமைப்படுவார். ஏற்றத்தில் அவருக்கே வெற்றி, ஒப்புக் கொள்கிறேன்.

இறக்கத்தில் கதை வேறு. மஹியங்கனை வீதியில் ஹுன்னஸ்கிரியவைத் தாண்டி, உடுதும்பறைக்கு அப்பால் ஹசலக்கையை நோக்கி இறங்கும் பதினெட்டு வளைவுகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வீதியைத் திருத்தியபோது வளைவு ஒன்று குறைந்து விட்டது என்பார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. கீழே மகாவலிச் சமவெளி பச்சைப் பாய் விரித்தது போல் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் வீடு திரும்ப மாட்டோம். கொண்டை ஊசி போன்ற இந்த வளைவுகளில் நீண்ட வண்டி எளிதில் திரும்பாது. எதிர்ப்பக்கம் அகன்று போகப் பார்க்கும். எதிரே பஸ் வருகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அவெஞ்சரின் எடை சுமார் 163 கிலோ. தண்டர்பேர்ட் 190ஐத் தாண்டும். பின்னால் ஆளும் இருந்தால் இந்த முப்பது கிலோ வேறுபாடு கையில் தெரியும். இரண்டிலும் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. ஏறும்போது எந்த கியரோ அதே கியரில் இறங்க வேண்டும், எஞ்சினே வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். இதை மகன் அறிந்திருக்கிறானா என்று கேளுங்கள். விழித்தால் லைசனை ஒரு தரம் எடுத்துப் பாருங்கள். 100 சீ.சீ.க்கு மேற்பட்ட எந்த மோட்டார் சைக்கிளுக்கும் ஏ வகுப்பு லைசன் வேண்டும், ஏ1 போதாது.

மழைக்காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அக்குறணைக் கடைத்தெருவில் பிங்கா ஓயா பெருகினால் என்னவாகும் என்பது அவ்வூர்க்காரர்களுக்குத் தெரியும். குரூஸர் தாழ்வான வண்டி, புகைக்குழாயும் தாழ்வு. ஸ்கூட்டர்க்காரனும் குரூஸர்க்காரனும் அந்த நீரில் ஒன்றுதான். இருவரும் திரும்பிப் போவதே நல்லது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் எத்தனை மண்சரிவுகள், எத்தனை உயிர்கள்! அத்தகைய நாளில் 220 என்ன, 400 என்ன, வண்டி வீட்டில்தான் நிற்க வேண்டும்.

சகோதரிகளே, பின்னால் அமர்பவர் நீங்கள்தானே, உங்கள் விடயத்துக்கு வருகிறேன். குரூஸரின் பின் இருக்கை பெரும்பாலும் சிறியது. ஆனால் சாய்வு வைத்திருந்தால் மலை ஏறும்போது பின்னால் சரிந்து விடுவோமோ என்ற பயம் இராது. றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு, ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர், போய் வந்த பின் என் வீட்டார் சொன்னது: "சாய்வு இல்லாட்டி நான் கம்பளையிலயே எறங்கி பஸ்ஸில வந்திருப்பேன்." அதைவிட முக்கியம் அபாயாவின் ஓரம். பின் சக்கரத்திலோ செயினிலோ துணி சிக்கினால் கண் மூடித் திறப்பதற்குள் ஆள் வீதியில். இந்தியச் சட்டம் பின் சக்கரத்தின் பாதியை மறைக்கும் காப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது; நாம் சாரி காட் என்கிறோமே, அதுதான். பழைய ஜப்பான் வண்டிகளில் அது இருக்காது. இந்திய வண்டியில் இருப்பதையும் அழகு கெடுகிறதென்று நம் இளைஞர்கள் கழற்றி வீட்டுக் கூரையில் எறிந்து விடுகிறார்கள்! மகன் கழற்றியிருந்தால் திரும்பப் பூட்டும் வரை ஏறாதீர்கள். ஏறுமுன் அபாயாவின் ஓரத்தைச் சுருட்டி மடியில் வைத்துக் கொள்ளுங்கள். வண்டியில் இருவர்தான், நடுவில் பிள்ளையைத் திணிக்க வேண்டாம்.

நீங்களே ஓட்டுவதென்றால் குரூஸரின் தாழ்வான இருக்கை ஒரு வசதி. விராகோ 250இன் இருக்கை நிலத்திலிருந்து 69 சென்ரிமீற்றருக்கும் குறைவு. உயரம் குறைந்தவருக்கும் இரண்டு பாதங்களும் தரையில் பதியும். இருந்தாலும் கண்டி நகரின் நெரிசலில் பாடசாலை ஆசிரியைகள் ஸ்கூட்டரில் போவதைத்தான் காண்கிறோம். அவர்கள் தேர்வு சரியே.

செலவையும் பார்க்க வேண்டுமே. என் கணக்கில் அவெஞ்சர் மலையிலும் லீற்றருக்கு 35 கிலோமீற்றருக்குக் குறையாது. தண்டர்பேர்ட் 30ஐ ஒட்டி நிற்கும். 2022ல் பெற்றோல் வரிசை நாட்களில் கியூ.ஆர். அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு முதலில் கிடைத்தது வாரம் 4 லீற்றர். அந்த நாலு லீற்றரில் எனக்கு 140 கிலோமீற்றர், மச்சானுக்கு 120. கம்பளைக்கு ஒரு நாள் பாடம் கூட நடந்தது அந்த இருபதால்தான். அப்போது மச்சான் இழுவிசையைப் பற்றிப் பேசவில்லை.

சென்ற வருடம் என் மாணவன் ஒருவனின் தாய் இதே விடயமாக என்னிடம் வந்தார். கணவர் மௌத்தாகி விட்டார். மகன் பழைய ஸ்டீட் 400 ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். இரண்டு வளையல்களை விற்று, மீதியை லீசிங்கில் போடலாம் என்பது திட்டம். "ஹஸரத், நீங்க சொன்னா கேப்பான்" என்றார். நான் சொன்னால் கேட்கிற வயதா அது? வண்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் அவனிடம் பேசவில்லை. அவர்கள் வீடு ஹந்தானைப் பக்கம், பிரதான வீதியிலிருந்து சரிந்து இறங்கும் ஒழுங்கையின் அடியில் இருக்கிறது. கண்டியில் பாதி வீடுகள் அப்படித்தானே. அஸருக்குப் பின் மச்சானின் தண்டர்பேர்ட்டை அங்கே கொண்டு போய் வாசலில் நிறுத்தினேன். மூக்கு வீட்டை நோக்கி, வால் மேட்டை நோக்கி. திருப்ப இடமில்லை. "மகன், இதைப் பின்னால தள்ளி வீதிக்கு எடுத்துட்டு வாங்க, நான் மேல நிக்கிறன்" என்றேன். மோட்டார் சைக்கிளுக்குப் பின் கியர் கிடையாது. ஸ்டீட் இதைவிடப் பாரம், 200 கிலோவுக்குக் குறையாது. அவன் கால்மணி நேரம் போராடினான். அயல் வீட்டு நானா இறங்கிப் போய்க் கை கொடுத்த பிறகுதான் வண்டி மேலே வந்தது.

அன்று அவன் எதுவும் பேசவில்லை. மூன்று வாரத்துக்குப் பிறகு பழைய அவெஞ்சர் ஒன்று வாங்கினான், சாரி காட்டுடன். வளையல் ஒன்றுதான் போனது. மற்றது உம்மாவின் கையில் இருக்கிறது.