நீல டிரம்மும் அதன் மூடியும்

சைதாப்பேட்டை பஜார் சாலையில் ஒரு ஸ்டேஷனரி கடை. வாசலிலேயே தெர்மாகோல் இதயம் தொங்கியது. சிவப்பும் நீலமுமாகப் பெயின்ட் அடித்தது, 380 ரூபாய். பக்கத்தில் தாவர செல், 250. "பேரு எல்லாம் ஒட்டியே குடுத்துடுவோம்" என்றார் கடைக்காரர். பிளஸ் ஒன் படிக்கும் என் அக்கா மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பள்ளியில் கேட்டிருப்பதோ உயிரியல் ஆய்வு. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்காக 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு அனுப்பலாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். நோட்டில் அவள் எழுதி வைத்திருந்த தலைப்பு, 'புற்றுநோய்க்கு மூலிகை மருந்து'. புற்றுநோய்ச் செல்லை எங்கே வளர்ப்பாய், பலனை எதை வைத்து அளப்பாய் என்று கேட்டேன். பேசாமல் இருந்தாள். 90 ரூபாய்க்கு ஒரு லென்ஸ் மட்டும் வாங்கிக்கொண்டு, அளந்து பார்க்கக்கூடியதாக ஏதாவது கிடைக்குமா என்று அவள் தெருவுக்கு நடந்தோம். பத்து நிமிட நடைதான்.

தெருமுனையில் திறந்த சாக்கடை. நாற்றம் மூக்கைத் துளைத்தது. "டெங்கு எல்லாம் இதுலேர்ந்துதான் வருது" என்றார் இஸ்திரி வண்டிக்காரர். ஒரு கரண்டி மொண்டு வெள்ளை பேசினில் ஊற்றினோம். கொசுப்புழுக்கள் நெளிந்தன. வால் நுனியிலிருக்கும் மூச்சுக்குழலை நீர்மட்டத்தில் வைத்து, தலை கீழாகச் சாய்ந்து தொங்கின. குழல் மெலிந்து நீண்டிருந்தது: கியூலெக்ஸ். அழுக்கு நீரில் பெருகி யானைக்கால் நோயைப் பரப்பும் இனம். டெங்குவைக் கொண்டுவரும் ஏடிஸுக்குப் பிடித்தது தேங்கிய நல்ல தண்ணீர். அதன் புழுவுக்குக் குழல் குட்டை.

நல்ல தண்ணீர் வீட்டு வாசல்களில் இருந்தது. லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல டிரம்கள். "மூடிதான் போட்டிருக்கேனே, கொசு எப்படிம்மா போகும்?" என்றார் ஒரு பாட்டி. மூடி பழைய பிளைவுட் பலகை. ஒரு மூலை உடைந்து இரண்டு விரல் நுழைகிற இடைவெளி. டார்ச் அடித்ததும் புழுக்கள் விறுவிறுவென்று அடிக்கு இறங்கின. கொஞ்சம் பொறுத்திருந்து மேலே வந்ததும் மொண்டோம். ஒரே கரண்டியில் 11. குட்டைக் குழல்.

அடுத்த வீட்டு டிரம்மில் பழைய வேட்டியை இழுத்துக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். உள்ளே ஒன்றுகூட இல்லை. எதிர்வீட்டிலும் துணிதான், ஆனால் தொய்ந்து நடுவில் குளம் கட்டியிருந்தது. அந்தக் கையளவு நீரிலேயே புழுக்கள்! அவள் லென்ஸை எடுக்கவே இல்லை கண்ணைவிட்டு. "சித்தி, மூடி இருக்கா இல்லையான்னு கேக்குறதைவிட, என்ன மூடி, எவ்வளவு சந்துன்னு கேக்கணும் போலிருக்கே?"

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த ஆய்வை அவளால் முடிக்க முடியும். தெருவில் முப்பது டிரம்மாவது தேறும். செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து நோட்டில் கட்டம் போட்டோம்: மூடியின் வகை, சந்து எத்தனை மில்லிமீட்டர், வெயிலா நிழலா, ஒரு கரண்டிக்கு எத்தனை புழு, டிரம்மைக் கடைசியாகத் தேய்த்துக் கழுவியது எப்போது. கடைசிக் கட்டம் முக்கியம். ஏடிஸ் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டிவிடும். காய்ந்து போனாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வெறுமனே நீரைக் கொட்டினால் போகாது. நம் ஊர்ச் சூட்டில் எட்டு, பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். எண்ணிய புழுவைக் காய்ந்த மண்ணில் கொட்டிவிடு, வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்காதே என்று கண்டிப்பாகச் சொன்னேன். பறந்துவிட்டால் கடிபடுவது அக்கம்பக்கத்தார்தான்.

இரண்டு வீடுகளில் டிரம்மைத் திறக்க விடவில்லை. அவள் அந்த வரியை அடிக்கப் போனாள். வேண்டாம், 'பார்க்க விடவில்லை' என்றே எழுது என்றேன். திறக்க மறுத்த டிரம்களில்தான் புழு அதிகமோ என்னவோ. அவற்றை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் தெருவே சுத்தம் என்று வந்துவிடும். எழுதிக்கொண்டு, ஸ்கேல் எடுத்துவர வீட்டுக்கு ஓடினாள்.