பால் பைத்தானும் பேபி ஷாம்பூவும்

புதுச்சேரி உப்பளத்திலிருந்து நண்பர் போன் செய்தார். ‘‘அண்ணே, பாம்பைக் குளிப்பாட்டலாமா?’’

பி.காம். படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. போனேன்.

பாம்பு, அவர் மகனுடையது. பால் பைத்தான். பூர்வீகம் ஆப்பிரிக்கா. பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும். இங்கிலீஷ் ‘பால்’ அது. ஆயா காதில் தமிழ்ப் பாலாக விழுந்துவிட்டது. தினம் ஒரு கிண்ணம் வைக்கிறார். புற்றுக்குப் பால் ஊற்றியே பழகிய தலைமுறை. தொடவே மாட்டேங்குது என்று வருத்தம். (பாம்புக்கு வேண்டியது தண்ணீர்தான். பிடாரன் கூடையில் பால் ‘குடிக்கும்’ பாம்பு, பல நாள் தாகத்தில் போடப்பட்ட பாம்பு.)

சட்டம் சும்மா விடுமா என்பீர்கள். நம்மூர் நல்லபாம்பு, சாரை, மலைப்பாம்பு எதையும் வளர்க்கக் கூடாது. 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் உள்ளே தள்ளிவிடும். இந்த மாதிரி வெளிநாட்டு இனத்தை 2024 விதிகளின்படி ‘பரிவேஷ்’ தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பையன் செய்திருந்தான். பேப்பரைக் காட்டினான். பேப்பரைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

பிரச்னை வேறு. ஆரோக்கியமான பாம்பு சட்டையை ஒரே துண்டாக உரித்துப் போடும். இதற்குத் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கண் மேல் மங்கலாக ஒரு வில்லை. அழுக்கு என்று நினைத்து முந்தின நாள் பேபி ஷாம்பூ போட்டுத் தேய்த்திருக்கிறான். போகவில்லை. நான் போனபோது கையில் இடுக்கி!

‘‘தம்பி, கொஞ்சம் பொறு’’ என்று தெரிந்த கால்நடை டாக்டரை போனில் பிடித்தேன். அலறினார். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் கண்ணாடிச் செதிலும் சட்டையோடு கழன்று வர வேண்டும். பிய்த்தால் கண்ணே போகலாம். சோப்பு, ஷாம்பூ கூடவே கூடாது. வியர்க்காத உடம்புக்கு எதற்குக் குளியல்? தோல் சிக்கினால் மட்டும், முதுகு முழுகாத அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் விடலாம். ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

‘‘ரூம்ல ஏசி இருக்கா?’’ என்றார் கடைசியாக.

இருந்தது. கடலோர உப்பளத்தில் ஈரக்காற்றுக்கா பஞ்சம்? மழை மாதத்தில் துவைத்த துணி காயாது. அந்த அறையில் மட்டும், பாம்புக்குச் சுகமாக இருக்கட்டும் என்று ராப்பகலாக ஏசி. வெப்ப நாட்டுப் பிராணி, பாவம்.

நிறுத்தினார்கள். ஒன்றரை மாதம் கழித்து பையன் போட்டோ அனுப்பினான். முழுச் சட்டை, தலைப் பக்கம் கண் வில்லைகளோடு. ஆயா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாராம். கிண்ணமும் தினம் வைக்கிறார். இப்போது தண்ணீர்.