குண்டு யாருடையது

டாங்கிப் படையில் டிரைவராக இருந்த தொடக்க வருடங்களில் எங்கள் கன்னர் மேல் எனக்குப் பொறாமை இருந்தது. அவரிடம் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை. ராஜஸ்தானின் மகாஜன் சுடுதளத்தில் அன்றைய பயிற்சி முடிந்து மதிப்பெண் வந்ததும் ஸ்குவாட்ரனே அவரைச் சுற்றி நிற்கும். நான் வண்டியின் ஓரம் குந்தி, டிராக் தொய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டும் ஏர் ஃபில்டரிலிருந்து மணலை உதறிக்கொண்டும் இருப்பேன். இலக்கு விழுந்தது அவர் கணக்கில். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியவனுக்கு மதிப்பெண் ஏட்டில் கட்டமே கிடையாது.

நான் டிரைவரானதே ஒரு வார்த்தையால்தான். வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார், நானும் போனேன். அகமதுநகர் பயிற்சி மையத்தில் டிரைவர், கன்னர், ஆபரேட்டர் என்று டிரேடு பிரித்தபோது, "டிராக்டர் ஓட்டியிருக்கியா?" என்று பயிற்சி தரும் உஸ்தாத் கேட்டார். ஓட்டியிருக்கிறேன் என்றேன். அதோடு முடிந்தது.

அந்த மையத்தில் ஃபாமகுஸ்டா என்ற பழைய செஞ்சூரியன் டாங்கியைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 1971 பாகிஸ்தான் போரில், டிசம்பர் 16 அன்று பசந்தர் சண்டையில் அருண் கேத்ரபால் கடைசிவரை நின்று போரிட்ட வண்டி. 21 வயதில் பரம்வீர் சக்ரா பெற்றவர். அவர் பெயர் நாட்டுக்கே தெரியும். அதே வண்டியின் டிரைவர் பிரயாக் சிங்கின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கன்னர் நாத்து சிங்கையும் வெளியே யாரும் சொல்வதில்லை என்பது அப்போது என் கண்ணில் படவில்லை. பொறாமைக்கு ஒரு பக்கம்தான் தெரியும்.

எனக்குக் கிடைத்தது டி-72. ரஷ்ய வடிவமைப்பு, ஆவடியில் உருவானது. உள்ளே மூன்றே பேர்: மேலே டரட் என்னும் சுழல்கூண்டில் வலப்பக்கம் கமாண்டர், இடப்பக்கம் கன்னர், கீழே முன்னால் நடுவில், தனிக் குழியில் டிரைவர். குண்டு நிரப்ப ஆள் இல்லை, இயந்திரமே நிரப்பிக்கொள்ளும். ஹேட்சை மூடிவிட்டால் பாதி படுத்தபடிதான் ஓட்ட வேண்டும். முன்னால் பார்க்க ஒரே ஒரு பெரிஸ்கோப். 40 டன்னுக்கு மேல் எடை, 780 குதிரைத்திறன் எஞ்சின். ஸ்டியரிங் கிடையாது, இரண்டு லீவர்கள். ஒன்றை இழுத்தால் அந்தப் பக்க டிராக் ஒரு கியர் கீழே இறங்கும், வண்டி அந்தப் பக்கம் திரும்பும். கையில் பதம் இல்லாதவன் இழுத்தால் திரும்பாது, வெட்டும். முன்னோக்கி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற இந்த வண்டி, பின்னோக்கி நாலு கிலோமீட்டர்தான் போகும். சுட்டுவிட்டுப் பின்வாங்க வேண்டிய வேலைக்கு இது எவ்வளவு பெரிய குறை என்று வடிவமைத்தவர்கள் யோசித்தார்களா என்பது இன்றும் என் கேள்வி.

மணலில் ஓட்டுவது தனிக் கல்வி. மணல்மேட்டை நேராக ஏற வேண்டும், நடுவில் கியர் மாற்றக் கூடாது, சரிவில் திருப்பினால் டிராக் கழன்றுவிடும். 1971இல் லோங்கேவாலாவுக்கு வந்த பாகிஸ்தான் டாங்கிகளில் பல மென்மணலில் சிக்கிக்கொண்டதை எங்களுக்குப் பாடமாகவே நடத்தினார்கள். இதிலெல்லாம் நான் தேறியவன். புதையாமல், நேரத்துக்கு, சொன்ன இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பவனே நல்ல டிரைவர் என்று நினைத்திருந்தேன்.

பிறகு கமாண்டர் ஆவதற்கு முன்படியாக என்னைக் கன்னர் பயிற்சியில் போட்டார்கள். ஒரு புதுப் பையன் கீழே ஓட்ட, நான் மேலே குறிபார்க்கும் சைட்டில் கண்ணை வைத்து உட்கார்ந்தேன். முதல் ஓட்டத்திலேயே வயிற்றைப் புரட்டியது.

பீரங்கிக்கு ஸ்டெபிலைசர் இருக்கிறது, வண்டி குதித்தாலும் குழல் நிற்கும் என்று வெளியே சொல்வார்கள். பாதி உண்மை. எங்கள் சைட்டுக்கு மேல்-கீழ் ஆட்டத்தைத் தாங்கத்தான் தனி ஏற்பாடு உண்டு. இட-வலத்துக்கு அது டரட்டை நம்பித்தான் நிற்கிறது. பையன் ஒரு கல்லுக்காக லீவரை வெடுக்கென்று இழுத்தான். கூர்முனைக் குறி இலக்கைவிட்டு நழுவிப் போனது. நான் திருப்பிக் கொண்டுவந்து தூரம் அளக்க லேசர் பொத்தானைத் தொடுவதற்குள் கியர் மாற்றினான். மறுபடி நழுவியது. நான் வருடக்கணக்கில் கீழே உட்கார்ந்து செய்தது எல்லாம் அப்போது கண்ணுக்கு நேரே நடந்தது.

குறி விலகுவதை நாங்கள் மில் என்ற கோண அளவால் சொல்வோம். ஒரு மில் என்பது ஆயிரம் மீட்டரில் ஒரு மீட்டர். இரண்டு கிலோமீட்டரில் இரண்டு மீட்டர். எதிரி டாங்கியின் அகலமே மூன்றரை மீட்டர் சொச்சம்தான். நடுவில் வைத்த குறி ஒரு மில் தள்ளினால் குண்டு பக்கத்துக் காற்றில் போகும்.

நின்று சுடுவது சுலபம் என்று நினைத்திருந்தேன், அதுவும் இல்லை. பிரேக்கை ஒரே மிதி மிதித்தால் மூக்கு தாழ்ந்து, எழுந்து, பிறகுதான் வண்டி அடங்கும். அதுவரை கன்னர் காத்திருக்க வேண்டும், எதிரி காத்திருக்க மாட்டான். ஒரு டிராக் மேட்டிலும் மறு டிராக் பள்ளத்திலுமாக நிறுத்தினால், குறி சரியாக இருந்தாலும் குண்டு தாழ்ந்த பக்கமாக விலகும். குழல் ஆறு டிகிரி அளவுக்கே கீழே தாழும் என்பதால், மேட்டின் பின்னால் ஒளிந்து சுடும்போது சில அடி முன்பின் நின்றாலே இலக்கு தெரியாது, அல்லது நம் உடம்பு முழுக்கத் தெரியும். அந்தச் சில அடிகளை முடிவு செய்வது டிரைவரின் கால்.

பயிற்சி முடிந்து மறுபடி என் டிரைவர் குழிக்குத் திரும்பியபோது ஓட்டுகிற விதமே மாறிவிட்டது. வேகத்தை ஒரே சீராகப் பிடித்தேன். கியரை மேட்டுக்கு முன்பே மாற்றிக்கொண்டேன். இன்டர்காமில் பேச ஆரம்பித்தேன்: "அண்ணே, பள்ளம் வருது", "அண்ணே, முப்பது மீட்டர் சமதளம், இப்ப வைங்க." கன்னர் முதலில், "என்னடா தம்பி, கமென்ட்ரி குடுக்கிற?" என்று சிரித்தார். பிறகு நான் பேசாவிட்டால், "என்ன, தூங்கிட்டியா?" என்று கேட்பார். சமதளம் என்று நான் சொல்லும் கணத்துக்காகவே விரலை வைத்துக் காத்திருக்கப் பழகிவிட்டார்.

நான் தஃபேதாராகப் பதவி உயர்ந்து சொந்த வண்டியின் கமாண்டர் ஆனதும், சுடுதளத்துக்குப் போகுமுன் புது டிரைவரைக் கன்னர் இருக்கையில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுவதை வழக்கமாக்கினேன். டீசல் வீண் என்று சிலர் முணுமுணுத்தார்கள். கன்னரையும் விடவில்லை. ஹேட்சை மூடி, முன் வண்டியின் புழுதிக்குள், மே மாத வெயிலில், அந்த ஒற்றைப் பெரிஸ்கோப்போடு கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்வேன். "ஏன்டா ஆட்டுற?" என்று ஓயாமல் கத்திக்கொண்டிருந்த கன்னர் ஒருவர் அப்படி ஓட்டி இறங்கியதும், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு டிரைவரிடம் நேரே போய், "அந்தக் கண்ணாடியில நிஜமாவே உனக்கு ஏதாவது தெரியுதா?" என்று கேட்டார்.

மதிப்பெண் ஏட்டில் டிரைவருக்குக் கட்டம் போட மட்டும் என்னால் முடியவில்லை. கேட்டுப் பார்த்தேன். படிவம் மேலிருந்து வருவது என்றார்கள்.