வால்டியும் நானும்

நாய் வளர்ப்பதற்குப் பரீட்சை எழுத வேண்டிய நாடும் உலகில் உண்டு என எவரேனும் முன்பே கூறியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். பல்கலைக்கழகத்திற் பரீட்சைகள் பலவற்றை எழுதியவன். பின்னர் உதவி விரிவுரையாளனாக மற்றவர்களின் விடைத்தாள்களைத் திருத்தியவன். ஆயினும் நாயைப் பற்றிய வினாத்தாள் ஒன்றுக்கு விடையளிப்பதற்காக, முப்பத்தோராவது வயதில், ஜேர்மன் மொழியில், இரவிரவாகக் கண்விழித்துப் படிக்க நேரும் என்று கனவிலும் எண்ணியதில்லை.

2015 ஆம் ஆண்டின் இறுதியில் மண்ணியலிற் கலாநிதிப் பட்ட ஆய்வு செய்வதற்காக ஜேர்மனியின் கோட்டிங்கன் நகருக்குச் சென்றேன். எண்பது வயதை அண்மித்த விதவை ஒருவரின் வீட்டில் மேல்மாடி அறையொன்று எனக்குக் கிடைத்தது. அவரிடம் வால்டி என்றொரு நாய் இருந்தது. நீண்ட உடம்பும், அதனைத் தாங்குவதற்குப் போதா என்று தோன்றும் குறுங் கால்களும், நிலத்தைத் தொடும் காதுகளும் கொண்ட டக்கல் என்னும் இனம். நிலத்தடி வளைகளில் வாழும் விலங்குகளை உள்நுழைந்து வேட்டையாடுவதற்கென்றே வளர்த்தெடுக்கப்பட்ட இனமாம். நம்மூரில் வீரன், மணியன் என்பன போல வால்டி அங்கே அவ்வினத்திற்கு வழக்கமான பெயர். 1972 ஆம் ஆண்டு மியூனிச் ஒலிம்பிக் விளையாட்டு விழாவின் சின்னமாக விளங்கிய நாய்க்கும் இதே பெயர்தான். இதனை அந்த அம்மையார் ஏதோ தம் குடும்ப வரலாற்றைக் கூறுவது போல எனக்குக் கூறினார்.

நான் அந்த நாயை ஒருபோதும் தொட்டதில்லை. நாயென்றால் படலைக்கு உள்ளேயும் வீட்டுக்கு வெளியேயும் இருக்க வேண்டியது என்பதே எமது வளர்ப்பு. விசர்நாய்க்கடி பற்றிய அச்சம் வேறு. ஜேர்மனியில் நரிகளிடையேயும் நாய்களிடையேயும் அந்நோய் ஒழிந்துவிட்டதென 2008 ஆம் ஆண்டிலேயே அறிவிக்கப்பட்டிருந்தமை எனக்குத் தெரியும். ஆனால், கால்களுக்குத் தெரியவில்லை. வால்டி படியருகே படுத்திருந்தால் அது எழுந்து போகும்வரை நான் மேல்மாடியில் நின்றுகொண்டிருப்பேன்.

2016 இலையுதிர் காலத்தில் அம்மையார் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வைத்தியசாலையிலிருந்து நேராக முதியோர் இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். அவ்வில்லத்தில் நாய்க்கு இடமில்லை. மகன் தூர நகரொன்றில் இருந்தான். என் கையைப் பற்றிக்கொண்டு, "நான் திரும்பி வரும்வரை மட்டும்" என்று அம்மையார் கேட்டார். அவர் திரும்பி வரமாட்டார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த நிலையில் மறுப்பதற்குரிய ஜேர்மன் வாக்கியம் என்னிடம் இருக்கவில்லை.

கோட்டிங்கன் அமைந்திருக்கும் நீடர்சாக்சன் மாநிலத்தில் 2013 யூலை முதலாந் திகதி தொடக்கம் புதிதாக நாய் வளர்க்க முற்படுபவர் எழுத்துப் பரீட்சையொன்றும், ஓராண்டுக்குள் செய்முறைப் பரீட்சையொன்றும் எழுதித் தேற வேண்டும். கடந்த பத்தாண்டுகளில் இரண்டு ஆண்டுகளேனும் தொடர்ச்சியாக நாய் வளர்த்தவர்களுக்கு விலக்கு உண்டு. இவ்விலக்கைப் பற்றி அறிந்ததும் எனக்கு நம்பிக்கை பிறந்தது. அலுவலகத்தில் ஓர் உத்தியோகத்தர் என்னை விசாரித்தார்.

"முன்னர் உங்களிடம் நாய் இருந்ததா?"

"இருந்தது."

"எப்போது வரை?"

"1995 ஒக்டோபர் வரை."

அவர் மனக்கணக்குப் பார்த்துத் தலையசைத்தார். பத்தாண்டு எப்போதோ கடந்துவிட்டது. பின்னர், விதிகளுக்கு அப்பாற்பட்ட ஒரு மரியாதைக்காகவோ என்னவோ, "என்ன நோயில் இறந்தது?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். என் ஜேர்மன் அறிவு போதவில்லை என்று கருதிய அவர், அதே கேள்வியை மெதுவாக, சொல்சொல்லாகப் பிரித்து மீண்டும் கேட்டார். நானும் அதே பதிலை மெதுவாகச் சொன்னேன்.

ஆகவே பரீட்சைக்குப் படித்தேன். வாலையாட்டும் நாய் மகிழ்ச்சியோடுதான் இருக்கிறது எனக் கொள்ளலாகாது என்பதை அந்நூலிலிருந்துதான் கற்றேன். அச்சத்திலும் ஆட்டுமாம், தாக்குவதற்கு முன்னரும் ஆட்டுமாம். மனித சமூகத்தில், குறிப்பாகப் பல்கலைக்கழகங்களில், இவ்வுண்மை பரவலாக அறியப்பட்டிருப்பினும் நாய்கள் விடயத்தில் நான் அறியாதிருந்தேன். எழுத்துப் பரீட்சையில் தேறினேன். அதன்பின் நகரசபைக்கு நாய்வரி. வரி செலுத்தியமைக்குச் சான்றாக, கழுத்துப்பட்டியிற் கோர்ப்பதற்கு இலக்கமிட்ட ஒரு தகடு. பின்னர் மாநிலப் பதிவேட்டிற் பதிவு. அதன்பின் கட்டாயக் காப்புறுதி. வால்டி பிறருக்கு உடற்சேதம் விளைவித்தால் குறைந்தது ஐந்து இலட்சம் யூரோவும், பொருட்சேதம் விளைவித்தால் இரண்டரை இலட்சம் யூரோவும் ஈடுசெய்யத் தக்கதாக அக்காப்புறுதி அமைய வேண்டும் என்பது சட்டம். முழங்கால் உயரமும் இல்லாத அந்தப் பிராணியை அன்று முதல் ஒருவகை மரியாதையோடு நோக்கினேன். எனக்கு அவ்வளவு பெறுமதியான காப்புறுதி எக்காலத்திலும் இருந்ததில்லை.

மொழிதான் பெருஞ் சிக்கலாயிற்று. வால்டிக்கு ஜேர்மன் மட்டுமே தெரியும். நானோ அம்மொழியைத் தமிழ் நாவினாற் பேசுபவன். "ஸிற்ஸ்" என்றால் அது உட்கார வேண்டும். நான் சொல்லும்போது என்னை ஏறிட்டுப் பார்க்கும், தலையைச் சரிக்கும், நான் வேறேதோ சொல்ல முயல்கிறேன் என்று பொறுமையோடு காத்திருக்கும். ஒருநாள் சினத்தில் என்னையறியாமல் "டேய், இரு!" என்று கத்திவிட்டேன். இருந்தது! அன்று தொடங்கி வீட்டில் இரு, வா, பொறு, விடு என்ற நான்கு சொற்களும் வழக்கத்துக்கு வந்தன. அடுத்த ஆண்டு செய்முறைப் பரீட்சைக்குச் சென்றபோது, பரீட்சகர் முன்னிலையில் எனது ஜேர்மன் கட்டளைகள் யாவும் காற்றோடு போயின. வேறு வழியின்றித் தமிழிற் பேசினேன். வால்டி தவறாது பணிந்தது. அது என்ன மொழியென்று பரீட்சகர் கேட்டார். கட்டளை எம்மொழியில் அமைய வேண்டுமென்று சட்டத்தில் எதுவும் கூறப்படவில்லை என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு கையொப்பமிட்டார்.

அந்நாட்டில் நாயோடு நடப்பவர் அதன் கழிவைத் தாமே அகற்ற வேண்டும். அதற்கான சிறு பைகள் என் மேற்சட்டையின் எல்லாப் பைகளிலும் நிறைந்திருந்தன. துறைக் கருத்தரங்கொன்றில் என் கட்டுரையை வாசித்துக்கொண்டிருந்தபோது வியர்த்தது. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தேன். சபையில் ஒரு விநோதமான அமைதி நிலவியது. நான் துடைத்தது கைக்குட்டையாலன்று. நல்ல வேளை, அது புதிய பை. முன்வரிசையிலிருந்த பேராசிரியர், தாமும் நாய் வளர்ப்பவராதலால், எழுந்து வந்து தம் கைக்குட்டையைத் தந்தார். அதன்பின் என் கட்டுரைமீது கடுமையான கேள்வி எதுவும் எழவில்லை.

இதனைத் தொலைபேசியில் அம்மாவுக்குச் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "உதுக்கே தம்பி உன்னைப் படிப்பிச்சு அனுப்பினது? நாயின்ரை பின்னாலை பையோடை திரியவோ?" என்றார். அம்மாவின் அந்தக் கேள்வி என்னை நெடுநேரம் உறுத்தியது. நாயின் கழிவைப் பற்றி மட்டும் எழுந்த கேள்வியன்று அது. எமது ஊரிற் கழிவகற்றும் வேலையை யார் செய்தார்கள், அவர்களை நாம் எங்கே நிறுத்தி வைத்திருந்தோம் என்பதெல்லாம் அக்கேள்விக்குள் இருந்தன. பதில் சொல்லாமலே பேச்சை மாற்றினேன்.

ஏப்பிரல் முதலாந் திகதி தொடக்கம் யூலை பதினைந்து வரை அம்மாநிலத்தின் காடுகளிலும் திறந்த வெளிகளிலும் நாய்களை வாரில் கட்டியே அழைத்துச் செல்ல வேண்டும். பறவைகள் அடைகாக்கும், முயல்களும் மான்களும் குட்டியீனும் காலம் அது. இது தெரிந்திருந்தும் ஒரு மே மாதக் காலையில் லைன ஆற்றங்கரைப் புல்வெளியில் வால்டியை அவிழ்த்துவிட்டேன். அது எலி வளையொன்றினுள் அரைவாசி நுழைந்துவிட்டது. வெளியே தெரிந்தவை வாலும் பின்னங்கால்களும் மட்டுமே. அவற்றைப் பிடித்து நான் இழுத்துக்கொண்டிருந்த வேளையில் துவிச்சக்கரவண்டியில் வந்த மூதாட்டியொருவர் இறங்கிநின்று, பத்து நிமிடம், ஓர் இலக்கணப் பிழையுமின்றி என்னை ஏசினார். ஏசி முடித்ததும் குனிந்து வாலைப் பிடிக்க உதவினார்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதலோராண்டு அந்நகரில் என்னோடு தெருவில் எவரும் பேசியதில்லை. வால்டியோடு பழைய மதில்மேட்டு நடைபாதையில் நடக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அரை டசின் பேர் வணக்கம் சொன்னார்கள். முதலில் வால்டிக்கு, பின்னரே எனக்கு. மூன்றாண்டு முடிவிலும் என் பெயர் அவர்களுக்குத் தெரியாது. நான் வால்டியின் ஆள். அம்மையாரின் மகன் வீட்டை விற்றபோது நான் வேறு அறை தேட நேர்ந்தது. வாடகை ஒப்பந்தத்தில் நாய், பூனை வளர்ப்பதை ஒட்டுமொத்தமாகத் தடைசெய்வது செல்லாது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2013 இல் தீர்ப்பளித்திருந்தது. அத்தீர்ப்பை மனப்பாடம் செய்துகொண்டு சென்றேன். அதனை ஒப்புவிக்கும் தேவை எழவில்லை. தனியே சென்றபோது மூடிய கதவொன்று வால்டியோடு சென்றபோது திறந்தது. இதனால் எனக்கு மகிழ்ச்சி எவ்வளவோ, வேதனையும் அவ்வளவு.

எம்மவர் வீடுகளிலோ நிலைமை தலைகீழ். வால்டியோடு வருவதென்றால் வரவேண்டாம் என்று நேரடியாக எவரும் கூறவில்லை, "நாயை எங்கை விடுவியள்?" என்று கேட்டார்கள். ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு இரண்டு ஆண்டுகள் போக முடியவில்லை. நண்பரொருவர், மாணிக்கவாசகர் தம்மை நாயினுங் கடையர் என்று சொல்லிக்கொண்டதை நினைவூட்டினார். நான் பதிலுக்கு, யானை போன்றவரின் நட்பை விலக்கி நாய் போன்றவரின் நட்பைக் கொள்ளச் சொல்லும் நாலடியாரை எடுத்துக்காட்டினேன். வாதம் இனிதே நடந்தது. வால்டிக்கு மட்டும் உள்ளே அனுமதி கிடைக்கவில்லை.

ஜேர்மனியர் புத்தாண்டு நள்ளிரவில் வாணவேடிக்கை கொளுத்துவர். பொதுமக்கள் கையிலேயே வெடி இருக்கும். 2016 டிசெம்பர் 31 இரவு நான் இதனைப் பொருட்படுத்தவில்லை. பன்னிரண்டு மணிக்கு நகரம் முழுவதும் ஒரேயடியாக வெடித்தது. வால்டி நடுங்கியபடி குளியலறைக்குள் ஓடிற்று. அதனைத் தேடிச் சென்ற நான், தொட்டிக்கும் சுவருக்கும் இடையே அதனருகில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைச் சிறிது நேரம் கழித்தே உணர்ந்தேன். வெளிச்சத்தையும் அணைத்திருந்தேன். எப்போது அணைத்தேன் என்பது நினைவில் இல்லை.

எங்களிடம் இருந்த நாயின் பெயர் மணியன். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது நாங்களும் கோண்டாவிலிலிருந்து புறப்பட்டோம். எனக்குப் பத்து வயது. ஐயா சங்கிலியைக் கழற்றிவிட்டார். அம்மா கிணற்றடியில் மண்சட்டியிற் சோற்றை வைத்தார். மணியன் சோற்றைத் தொடாமல் எங்கள் பின்னால் வந்தது. மழை. செம்மணி வெளிவரை அதனைக் கண்டேன். நாவற்குழிப் பாலத்தை நெருங்குகையில் கால் வைக்க இடமில்லாத சனக்கூட்டம். திரும்பிப் பார்த்தேன், காணவில்லை. கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டால் ஐயா ஏசுவார் என்ற பயம். 1996 இல் ஊருக்குத் திரும்பியபோது சட்டி கவிழ்ந்து கிடந்தது.

அந்தக் குளியலறையில் விடியும்வரை இருந்தோம். அதற்குப் பின் வந்த புத்தாண்டுகளில் மாலை ஆறு மணிக்கே குளியலறையிற் போர்வையை விரித்து, வானொலியை உரக்க வைத்து, இருவரும் ஆயத்தமாயிருந்தோம்.

2019 தொடக்கத்தில் ஆய்வு நிறைவுற்றது. கலாநிதிப் பட்டம் பெறுவோர் நகர மண்டபத்தின் முன்னுள்ள நீரூற்றில் ஏறி, அங்கு வாத்துகளோடு நிற்கும் வெண்கலச் சிறுமியின் கன்னத்தில் முத்தமிடுவது கோட்டிங்கன் மரபு. நான் ஏறியபோது வால்டி அவ்வாத்துகளை நோக்கிக் குரைத்த குரைப்பில் சடங்கே குழம்பியது. என் பேராசிரியர் எடுத்த படத்தில் முத்தம் இல்லை. வாலொன்று மட்டும் தெரிகிறது.

வால்டியை இலங்கைக்குக் கொண்டுவருவது பற்றி எல்லோரும் கேட்டார்கள். வழி இருந்தது. ஆனால் ஞாயிறு தோறும் பிற்பகல் மூன்று மணிக்கு நான் அதனை முதியோர் இல்லத்தின் தோட்டத்துக்கு அழைத்துச் செல்வேன். அம்மையார் சக்கர நாற்காலியில் காத்திருப்பார். என் பெயரை அவர் மறந்துவிட்ட பின்னரும் அதன் பெயரை மறக்கவில்லை. எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் அந்த நாயைக் கொண்டுபோக எனக்கு என்ன உரிமை? ஆய்வுகூடத் தோழியொருத்தி, ஞாயிற்றுக்கிழமைப் பொறுப்போடு சேர்த்து, வால்டியை ஏற்றுக்கொண்டாள்.

நகரசபையில் வரிப்பதிவை நீக்குவதற்கு ஒரு படிவம் தந்தார்கள். காரணத்தைக் குறிப்பிட வேண்டும்: இறந்தது, கொடுக்கப்பட்டது, வேறூருக்குச் சென்றது. கொடுக்கப்பட்டது என்பதற்கு நேரே அடையாளமிட்டேன். யாருக்கு என்ற இடத்திற் பெயரையும் விலாசத்தையும் தெளிவான எழுத்தில் எழுதினேன். தகட்டையும் ஒப்படைத்தேன்.

வீட்டுப் படலையைத் திறந்து நான் உள்ளே வந்தபோது அம்மா பயணத்தைப் பற்றியோ பட்டத்தைப் பற்றியோ முதலிற் கேட்கவில்லை.

"அந்த நாயை ஆரிட்டை விட்டிட்டு வந்தனீ?"

"ஒரு பிள்ளையிட்டைக் குடுத்திட்டனம்மா. பேர், விலாசம் எல்லாம் எழுதிக் குடுத்தனான்."

அம்மா சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "காலைக் கழுவிப்போட்டு வா, சாப்பிடுவம்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார்.