சூலை என்று எண்ணிய வலி

திருவதிகை வீரட்டானேசுவரர் திருக்கோயில் மண்டபத்தில் ஞாயிறு மாலைதோறும் சிறுவர் சிறுமியருக்குத் தேவாரம் கற்பித்து வருகிறார், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். அகவை 73. புதிதாக வந்து சேரும் குழந்தைக்கு அவர் சொல்லிக்கொடுக்கும் முதற் பாடம் எப்போதும் ஒன்றுதான்: சூலை நோயால் துடித்த மருள்நீக்கியார், தமக்கையார் திலகவதியார் அளித்த திருநீற்றைத் தரித்து, இதே வீரட்டானத்துப் பெருமான் முன்னிலையில் பாடிய முதற் பதிகம். அப்பர் பெருமானுக்கு நாவுக்கரசர் என்னும் திருநாமத்தை ஈட்டித் தந்த பதிகம் பிறந்த மண்ணில், அதைவிட வேறெதைக் கொண்டு தொடங்குவது?

அந்தப் பதிகத்தைச் சென்ற ஆண்டு ஏறக்குறைய ஐந்து மாதங்கள் அவர் தொடவே இல்லை. குழந்தைகள் கேட்டபோதெல்லாம், "இன்று ஞானசம்பந்தர்" என்று கூறிப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். அதற்குக் காரணம் கடலூரில் எடுத்த ஒரு ஸ்கேன்.

சிறுநீர் சரியாகப் பிரியவில்லை என்பதற்காகவே அவர் ஸ்கேன் எடுக்கப் போயிருந்தார். ஸ்கேன் செய்த பெண் மருத்துவர் வயிற்றின் நடுவில், தொப்புளுக்குச் சற்று மேலே, கருவியை நிறுத்தினார். நெடுநேரம் அங்கேயே அழுத்திப் பார்த்தார். பிறகு, "ஐயா, வயிற்றில் துடிப்பது போல் எப்போதாவது தோன்றியதுண்டா?" என்று கேட்டார். இரவில் மல்லாந்து படுக்கும்போது தோன்றியதுண்டு. தியானம் கூடிவருவதன் அடையாளம் அது என்று அவர் மனத்துக்குள் எண்ணி மகிழ்ந்ததும் உண்டு. இதைப் பின்னர் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

இதயத்திலிருந்து புறப்படும் பெரிய குழாயான மகாதமனி, முதுகெலும்பை ஒட்டியே இறங்கி, வயிற்றின் கீழ்ப்பகுதியில் இரு கால்களுக்குமாக இரண்டாகப் பிரிகிறது. வயிற்றுப் பகுதியில் அதன் குறுக்களவு இயல்பாக 2 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். அதன் சுவர் நலிவடைந்து ஓரிடத்தில் 3 சென்டிமீட்டரைத் தாண்டிப் புடைத்தால் அதனை அனியூரிசம் என்கிறார்கள். தமனிப் புடைப்பு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். தேய்ந்த சைக்கிள் டயரின் கிழிசல் வழியே டியூப் பிதுங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. புடைப்பு பெரிதாகப் பெரிதாகச் சுவரின் மீதான இழுவிசையும் கூடுகிறது. இழுவிசை கூடக் கூடப் புடைப்பு இன்னும் பெரிதாகிறது. பெரும்பாலும் வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. வேறு எதற்காகவோ எடுக்கும் ஸ்கேனில் தற்செயலாகக் கண்ணில் படுவதே வழக்கம். ஆசிரியருக்கு அது 5.8 சென்டிமீட்டர் இருந்தது. ஆண்களுக்கு 5.5 என்பதே மருத்துவர்கள் வகுத்திருக்கும் எல்லைக்கோடு. அதற்குக் கீழே இருந்தால் காலாகாலத்தில் அளந்து பார்த்துக் காத்திருக்கலாம். அதைத் தாண்டினால், வெடித்துவிடும் ஆபத்து அறுவை சிகிச்சையின் ஆபத்தை மிஞ்சத் தொடங்குகிறது.

புதுச்சேரியில் இரத்தநாள அறுவை நிபுணர் ஒருவரிடம் மகன் அழைத்துச் சென்றார். அந்த மருத்துவர் இரண்டு கேள்விகளை முதலில் கேட்டார். புகைபிடிக்கும் பழக்கம் இருந்ததா என்பது ஒன்று. ஆசிரியர் சற்றுத் தயங்கி, மகனை ஒருமுறை பார்த்துவிட்டு, 45 வயது வரை இருந்தது என்றார். அவருடைய மாணவர்கள் எவருக்கும் தெரியாத செய்தி அது. மற்றொரு கேள்வி: "உடன்பிறந்தவர்கள், பெற்றோர் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா?"

இருந்தார். அவருடைய அண்ணன்.

11 ஆண்டுகளுக்கு முன், வைகாசித் தேர் நாள். பண்ணுருட்டியில் முந்திரி வியாபாரம் செய்துவந்த அண்ணனுக்கு அப்போது 68 வயது. விடாமல் சிகரெட் பிடிப்பவர். இரண்டு நாளாக முதுகு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூட்டை தூக்கியதால் வந்த பிடிப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். அன்று காலை தேர் புறப்படும் நேரத்தில் வலி வயிற்றுக்கு வந்தது. தம்பியின் வீட்டுத் திண்ணையில் வந்து படுத்துவிட்டார். ஓமநீர் கொடுத்தார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது, கை சில்லிட்டது. வாயு என்றார் ஒருவர். ஆசிரியர் அண்ணனின் தலைமாட்டில் அமர்ந்து, நெற்றியிலும் வயிற்றிலும் திருநீறு பூசி, அப்பர் பெருமானின் அந்தப் பதிகத்தைப் பத்துப் பாடல்களும் பாடினார். வயிற்று வலிக்கு அந்த ஊரில் அதைவிடப் பெரிய மருந்து எது? கேட்டுக்கொண்டே அண்ணன் கண்ணை மூடியிருந்தார். வலி குறைகிறது என்று நினைத்தார்கள். வடம் பிடிக்கும் முழக்கம் தெருவில் கேட்டபோது எழ முயன்றார், அப்படியே சாய்ந்தார். வந்து பார்த்த மருத்துவர் மாரடைப்பு என்றார். தேர் நாளில், தேவாரம் கேட்டபடி போன புண்ணியவான் என்று ஊர் சொன்னது. அந்தச் சொல்லை ஊன்றுகோலாகப் பற்றிக்கொண்டே ஆசிரியர் 11 ஆண்டுகளைக் கடந்திருந்தார்.

மருத்துவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "பிரேதப் பரிசோதனை இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது ஐயா. ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் இதைத்தான் காட்டுகின்றன" என்றார். புடைப்பு வெடித்தால் வயிற்றிலும் முதுகிலும் கடும் வலி, வியர்வை, மயக்கம். சில வேளைகளில் முதுகுப்புறத் திசுக்கள் சற்று நேரம் அணைபோட்டு இரத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். கிடைக்கும் வாய்ப்பு அந்தச் சிறிது நேரம் மட்டுமே.

"அந்த நேரத்தை நான் பாடிக் கழித்துவிட்டேன்" என்றார் ஆசிரியர்.

உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சென்றிருந்தாலும் வெடித்தபின் பிழைப்பவர்கள் மிகக் குறைவே என்று மருத்துவர் ஆறுதல் கூறினார். அது பொய்யான ஆறுதலும் அல்ல. மருத்துவமனையை எட்டும் முன்பே மாண்டுபோவோர் பலர். ஆயினும் ஆசிரியரின் நெஞ்சில் அது இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு முதல் அந்தப் பதிகம் நின்றது.

தமக்கு அறுவை சிகிச்சை வேண்டாம் என்றும் அவர் முடிவு செய்துவிட்டார். அண்ணனுக்குக் கிடைக்காதது எனக்கு எதற்கு என்பதே உள்ளே இருந்த எண்ணம். வெளியே அவர் சொன்ன காரணம் வேறு: விஞ்ஞானி ஐன்ஸ்டைன். அவருக்கும் இதே நோய்தான். கடைசியில் அறுவை வேண்டாம் என்று மறுத்து, இயல்பாகவே விடைபெற்றார். அவ்வளவு பெரிய அறிஞரே போதும் என்று சொல்லிவிட்டபோது ஒரு தமிழாசிரியர் சொன்னால் என்ன?

மருத்துவருக்கு அந்த வரலாறு நன்றாகத் தெரிந்திருந்தது. ஐன்ஸ்டைன் கத்திக்கு உடன்படாதவர் அல்லர் என்றார். 1948-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ருடால்ஃப் நிஸன் என்ற அறுவை நிபுணர் அவர் வயிற்றைத் திறந்து, புடைப்பைச் சுற்றிச் செலோஃபேன் தாளைப் போர்த்தி மூடினார். ஆம், மிட்டாய் சுற்றி வரும் அதே பளபளத் தாள். அதன் உறுத்தலால் சுற்றிலும் தழும்பு கட்டிச் சுவர் கெட்டிப்படும் என்பது எண்ணம். அன்றைக்கு அதற்கு மேல் வழி தெரியாது. அந்தத் தாளோடு அவர் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் புடைப்பு கசியத் தொடங்கியபோது அவருக்கு வயது 76. நைந்த பகுதிக்கு மாற்றுக் குழாய் வைத்துத் தைக்கும் முறையைப் பாரிஸில் சார்லஸ் டூபோ தொடங்கி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவும் இறந்தவர் உடலிலிருந்து எடுத்த தமனியைக் கொண்டு. "அவர் மறுத்தது வெடித்த பிறகு, 1955-இல். நீங்கள் மறுப்பது வெடிப்பதற்கு முன்னால், இன்றைக்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா ஐயா?"

இன்னொரு முதியவரைப் பற்றியும் மருத்துவர் சொன்னார். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மைக்கேல் டிபேக்கி என்ற அறுவை நிபுணர், 1950-களில் செயற்கைக் குழாய் செய்வதற்கு நைலான் துணி தேடிக் கடைக்குப் போனார். நைலான் தீர்ந்துபோய் டெக்ரான் என்ற புதுத் துணி மட்டும் இருந்தது. அதை வாங்கிவந்து, மனைவியின் தையல் இயந்திரத்தில் தாமே குழாயாகத் தைத்தார். சிறுவயதில் தாயாரிடம் கற்ற தையல். இன்றளவும் அந்தத் துணியே நிலைத்துவிட்டது. நம் வீட்டு டெரிகாட்டன் சட்டையில் பருத்தியோடு கலந்திருக்கும் டெரிலினும் அதுவும் ஒரே பொருள்தான். அதே டிபேக்கிக்கு 2005-ஆம் ஆண்டின் கடைசி நாளில், 97 வயதில், மகாதமனியின் உட்சுவர் கிழிந்தது. அது புடைப்பிலிருந்து சற்று வேறான நோய். ஆனால் தாக்கியது அதே குழாயைத்தான். வாழ்நாளெல்லாம் பிறருக்கு அந்த அறுவையைச் செய்தவர், தமக்கு வேண்டாம் என்றார். நினைவிழந்த நிலையில், மருத்துவமனையின் அறநெறிக் குழு கூடி விவாதித்த பிறகு, அவருடைய சகாக்களே அவருக்கு அறுவை செய்து டெக்ரான் குழாய் வைத்தார்கள். பிழைத்து எழுந்து, 2008 ஜூலையில், நூறு நிறைய இரண்டு மாதம் இருக்கும்போது மறைந்தார். அறுவை செய்ததற்காக அவர் பின்னர் மகிழவே செய்தார் என்பார்கள்.

ஆசிரியர் பதில் சொல்லவில்லை. கதையில் தையல் இயந்திரம் வந்த இடத்தில் மட்டும் அவருடைய துணைவியார் நிமிர்ந்து பார்த்தார். ஐம்பது ஆண்டுகளாக அவர் வீட்டில் ஓடும் இயந்திரத்தில்தான் ஆசிரியரின் கைத்தறிச் சட்டைகள் எல்லாம் தைக்கப்பட்டவை.

இந்த நோய்க்கு இப்போது இரண்டு வழிகள் உண்டு. தொடையின் தமனி வழியே மெல்லிய குழல் செலுத்தி, மடித்து வைத்த உலோக வலைக் குழாயைப் புடைப்புக்குள் கொண்டுபோய் விரித்துவிடுவது ஒன்று. 1990-இல் அர்ஜென்டினாவில் ஹுவான் பரோடி தொடங்கியது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, சில நாளில் வீடு திரும்பலாம். ஆனால் ஓரங்களில் இரத்தம் கசிகிறதா என்று ஆயுள் முழுதும் ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டும். சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே நல்ல சுவர் போதிய நீளம் இருந்தால்தான் குழாய் பிடித்து நிற்கும். ஆசிரியரின் சி.டி. படத்தில் அந்த நீளம் போதவில்லை. ஆகவே வயிற்றைத் திறந்து செய்யும் பழைய முறைதான். நல்ல கைகளிலும் நூற்றுக்கு ஓரிருவரை, சில இடங்களில் நான்கைந்து பேரைக்கூட, இழக்க நேர்வதுண்டு என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை.

அன்றிரவு துணைவியார் வெள்ளைப்பூ ஒரு பொட்டலமும் சிவப்புப்பூ ஒரு பொட்டலமுமாகக் கட்டினார். மறுநாள் காலை, பூக்கட்டிப் பார்த்து வருகிறேன் என்று கோயிலுக்குப் போனார். திரிபுரசுந்தரி அம்மன் சந்நிதியில் வெகுநேரம் நின்றுவிட்டு, இரண்டு பொட்டலங்களையும் பிரிக்காமலே திரும்பி வந்தார்.

"கேட்கவில்லையா?" என்றார் ஆசிரியர்.

"சிவப்பு வந்தால் உங்களை இப்படியே விட்டுவிடுவேனா என்று நின்று யோசித்தேன். விடமாட்டேன் என்று தெரிந்தது. அப்புறம் அவளிடம் போய் எதைக் கேட்பது?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை. ஆனி மாதத்தில் நாள் குறித்தார்கள்.

அறுவை நான்கு மணி நேரம் நடந்தது. குடலை ஒருபுறம் ஒதுக்கி, புடைப்புக்கு மேலும் கீழும் தமனியைக் கிடுக்கியால் பிடித்து ஓட்டத்தை நிறுத்தி, புடைப்பைப் பிளந்தார்கள். உள்ளே பல ஆண்டுகளாகப் படிந்த இரத்தக்கட்டி, அடுக்கடுக்காகத் தாழம்பூ மடலைப் போல் இருந்ததாம். அதை அகற்றி, டெக்ரான் குழாயை மேலேயும் கீழேயும் நல்ல சுவரோடு சேர்த்துத் தைத்தார்கள். பழைய புடைப்பின் சுவரை வெட்டி எறிவதில்லை. புதுக் குழாயின் மேல் அதையே போர்வையாக இழுத்து மூடித் தைத்துவிடுவார்கள். குடல் நேராகக் குழாயில் உராயாமல் இருப்பதற்கு அது. இத்தனை நாள் அச்சுறுத்திய பொருளுக்கே காவல் வேலை! கிடுக்கியைத் தளர்த்தியதும் மருத்துவர் முதலில் கேட்டது, பாதம் சூடாக இருக்கிறதா என்பதைத்தான்.

மீண்டு வருவது எளிதாக இல்லை. மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. இருமினால் தையல் பிரிந்துவிடும் போல வலி. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். நுரையீரலுக்காக மூன்று பந்துகள் கொண்ட ஊதுகருவியைக் கொடுத்து மூச்சை உள்ளே இழுக்கச் சொன்னார்கள். ஆறு வாரம் பளு தூக்கக் கூடாது. தனியறைக்கு வந்த நாளில் அவர் கேட்ட முதற் கேள்வி, எப்போது பாடலாம் என்பது. இரண்டாவது, அண்ணன் மகன் வந்தானா என்பது.

அண்ணன் மகனுக்கு வயது 55. தந்தையின் கடையும் அவருக்கு வந்தது. தந்தையின் சிகரெட்டும் வந்தது. இந்தப் புடைப்பு குடும்பவழியில் வரக்கூடியது, பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இருந்தால் ஒரு சாதாரண வயிற்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று மருத்துவர் கூறியிருந்தார். ஆசிரியர் படுக்கையிலிருந்தே நான்கு முறை தொலைபேசியில் சொன்னார். சீசன் முடியட்டும் சித்தப்பா, பார்க்கலாம் என்பதே ஒவ்வொரு முறையும் விடை. பயம் என்று ஆசிரியருக்குத் தெரியும். தாமும் அப்படி இருந்தவர்தானே. ஐந்தாம் முறை அவர் ஸ்கேனைப் பற்றிப் பேசவில்லை. தேர் நாள் காலையில் திண்ணையில் நடந்தவற்றை, இத்தனை ஆண்டுகள் சொல்லாமல் வைத்திருந்த வரிசையில், ஒன்று விடாமல் சொன்னார். ஓமநீர், ஒத்தடம், பதிகம், எல்லாம். மறுமுனையில் நெடுநேரம் ஓசையில்லை.

ஆவணி மாதத்து ஒரு ஞாயிறு மாலை, ஆசிரியர் மெலிந்த உடம்போடு மண்டபத்துக்கு மீண்டும் வந்தார். புதிதாகச் சேர்ந்த பெண் குழந்தை ஒன்று முன்வரிசையில் இருந்தது. பாடம் தொடங்கும் வேளையில் அண்ணன் மகன் ஸ்கேன் உறையோடு படியேறி வந்து, சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, கடைசித் தூணருகே நின்றார். ஆசிரியர் கையை நீட்டி உறையை வாங்கிப் பார்த்தார். 3.4. அறுவை தேவையில்லை, ஆண்டுதோறும் அளந்து பார்க்க வேண்டும், புகையை அடியோடு நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தது.

"பையில் இருக்கிறதா?" என்றார். அண்ணன் மகன் சட்டைப்பையிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்துத் தயங்கித் தயங்கி அவர் கையில் வைத்தார். ஆசிரியர் அதை மேல்துண்டில் முடிந்து வைத்துவிட்டு, குழந்தைகளுக்கு நடுவே உட்காரும்படி அவருக்கு இடம் காட்டினார். பிறகு குரலைச் செருமிக்கொண்டு, புதுக் குழந்தையைப் பார்த்து, அப்பர் பெருமானின் முதற் பதிகத்தைத் திறக்கச் சொன்னார்.