மெத்தையில் வைத்த அட்டை

கல்யாணமாகிப் பட்டணத்துக்கு வந்த புதிது. ஒரு நாள் எங்கள் ஊர்க் குளத்தை நினைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தேன். என் மாமியார் பார்த்துவிட்டார். "அட்டையைத் தூக்கி மெத்தையில் வைத்தாலும் அது செத்தையைத்தான் தேடும்!" என்றார். பழமொழிதான், ஆனால் சுருக்கென்று தைத்தது. அன்றிரவு தலையணை நனைந்தது.

பிற்பாடு, அட்டையைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை, சகோதரிகளே! குளத்து அட்டைக்கு நுரையீரல் கிடையாது. ஈரத் தோலால்தான் அது சுவாசிக்கிறது. தோல் உலர்ந்தால் உயிர் போய்விடும். மெத்தையில் வைத்தால் ஓடாமல் என்ன செய்யும்?

முகத்தைச் சுளிக்காதீர்கள், இன்னும் கேளுங்கள். ஆடுமாடு இறங்கும், பாசி படர்ந்த, ஆழமில்லாத தேங்கிய தண்ணீர்தான் அதற்கு வீடு. உடலில் 33 கண்டங்கள். தலையில் 5 ஜோடிக் கண்கள். முன்னும் பின்னும் ஒவ்வோர் உறிஞ்சி. வாயில் 3 தாடைகள். ஒரு வேளை வயிறார உண்டால் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். நம்மில் யாரால் முடியும்?

எல்லா அட்டையும் ரத்தம் குடிப்பதில்லை. புழு, நத்தைகளைத் தின்று பிழைப்பவையும் உண்டு. ஒரு வகை, முட்டைகளை வயிற்றடியில் வைத்துக் காத்து, பொரிந்த குஞ்சுகளையும் அங்கேயே சுமந்து திரிகிறது!

அட்டை கடித்த இடத்தில் ரத்தம் சட்டென்று நிற்காது. ரத்தத்தை உறையவிடாத பொருள் ஒன்று அட்டையில் இருப்பதை 1884-ல் ஜான் ஹேக்ராஃப்ட் என்பவர் கண்டறிந்தார். அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. துண்டித்த விரலை மறுபடி ஒட்டவைத்த பிறகு அங்கே தேங்கும் ரத்தத்தை வடிக்க டாக்டர்கள் இன்றும் அட்டை விடுகிறார்கள். 2004-ல் அமெரிக்க அரசாங்கமே அதற்கு அனுமதி கொடுத்தது.

குளத்தில் குழந்தையின் காலில் அட்டை ஒட்டிக்கொண்டால் பதறாதீர்கள். உப்போ நெருப்போ வேண்டாம்; வயிற்றில் உள்ளதை அது காயத்திலேயே கக்கிவிடக்கூடும். அட்டையின் வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்து மெல்ல நெம்புங்கள். பிறகு மறு முனையையும் அப்படியே எடுங்கள். காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

இப்போது எனக்கும் ஒரு மருமகள் வந்திருக்கிறாள். அவளும் சில நாள் ஜன்னலோரம் நிற்பாள். நான் பழமொழி சொல்வதில்லை; ஊருக்குப் போக டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்!